ரிட்டயர் ஆனபின் மறுபடி ஆபீஸ்: டெல்லி பென்ஷன்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் படியிறங்கும்போதும், தமிழ்ச் சங்கத்தில் நிகழ்ச்சி முடிந்து டீ குடிக்கும்போதும் காதில் விழுகிற கேள்வி இது: "பழைய செக்ஷன்லயே கன்சல்டன்டா வரச் சொல்றாங்க. போனா பென்ஷன் நின்னுடுமா சார்?"

நிற்காது. மத்திய அரசில் ஓய்வு பெற்றவர் மறுபடி அரசு வேலைக்குப் போனாலும் அடிப்படை பென்ஷன் வந்துகொண்டே இருக்கும். நிற்கக்கூடியது பென்ஷன்மேல் கிடைக்கும் அகவிலை நிவாரணம், அதாவது டிஆர். அதுவும் ஒருவகை நியமனத்தில்தான் நிற்கும், இன்னொரு வகையில் நிற்காது. இந்த இரண்டில் உங்களுடையது எது என்று தெரியாமல் சம்பளக் கணக்கு போடுவதும், நவம்பரில் வங்கியில் உயிர்ச் சான்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதும்தான் பின்னால் தலைவலியாகிறது.

கீழே சொல்வது பழைய பென்ஷன் திட்டத்தில் ஓய்வு பெற்ற மத்திய அரசு சிவில் ஊழியர்களுக்கு. தேசிய பென்ஷன் திட்டமான என்.பி.எஸ்.ஸில் இருப்பவர்களின் கணக்கு தனி.

முதலில் ஆணையில் உள்ள ஒரு வார்த்தையைப் பாருங்கள்

வந்திருக்கும் கடிதத்தில் "மறுநியமனம்" என்று இருக்கிறதா, "ஒப்பந்த அடிப்படையில் நியமனம்" என்று இருக்கிறதா? பேச்சில் எல்லாரும் இரண்டையும் "ரீ-எம்ப்ளாய்மென்ட்" என்றுதான் சொல்வார்கள். கூப்பிடுகிற அண்டர் செக்ரட்டரியே அப்படிச் சொல்லக்கூடும். காகிதத்தில் இரண்டும் வேறு வேறு.

மறுநியமனம் என்பது அனுமதிக்கப்பட்ட ஒரு பணியிடத்தில், அந்தப் பதவிக்குரிய சம்பள நிலையில் மறுபடி உட்காருவது. இதற்கு 1986ல் வந்த, மறுநியமனம் பெற்ற பென்ஷன்தாரர்களின் சம்பள நிர்ணய ஆணைகள் பொருந்தும். ஆறாவது ஊதியக் குழுவுக்குப்பின் 2010லும், ஏழாவதுக்குப்பின் 2017லும் பணியாளர் துறை அவற்றைத் திருத்தியது. முன்னாள் ராணுவத்தினர் சிவில் வேலைக்கு வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். 60 வயதில் ஓய்வு பெற்ற சிவில் ஊழியருக்கு இது அபூர்வம். 60க்கு மேல் பணிநீட்டிப்பு தருவதை அடிப்படை விதி 56(டி) பொதுவாகத் தடுக்கிறது, விதிவிலக்குகள் குறைவு.

ஒப்பந்த நியமனம்தான் டெல்லி அமைச்சகங்களில் பெரும்பாலானோர் பார்க்கிற சங்கதி. கன்சல்டன்ட், ஆலோசகர் என்று பெயர் என்னவாக இருந்தாலும், அடிப்படை நிதியமைச்சகத்தின் செலவினத் துறை 2020 டிசம்பர் 9 அன்று வெளியிட்ட ஓ.எம்., அதாவது அலுவலகக் குறிப்பாணைதான். ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர்களை ஒப்பந்தத்தில் எடுத்தால் என்ன கொடுக்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இப்படி எடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது, எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அந்த வரியை எத்தனை ஆபீஸ் கடைப்பிடிக்கிறது என்பது வேறு கதை.

மூன்றாவதாக ஒரு சந்து உண்டு. ஆபீஸ் நேரடியாக எடுக்காமல் ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சி மூலம் எடுப்பது. அப்போது உங்கள் முதலாளி ஏஜென்சி, அமைச்சகம் அல்ல. குரூப் ஏ அதிகாரியாக ஓய்வு பெற்றவர் ஓய்வு நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வணிக வேலையில் சேர அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும். அரசின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனத்தில் சேர்ந்தால் அது வணிக வேலை ஆகாது, தனியார் ஏஜென்சியில் சேர்ந்தால் ஆகும். உட்காரும் நாற்காலி அமைச்சகத்தில்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். ஏஜென்சி பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று காசு கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கணக்கு: எல்லாரும் தவறு செய்கிற இடம்

ஒப்பந்த நியமனத்தின் சூத்திரம் ஒரே வரி. ஓய்வின்போது வாங்கிய அடிப்படைச் சம்பளத்திலிருந்து அடிப்படை பென்ஷனைக் கழித்தால் வருவது மாத ஊதியம். அந்தத் தொகை ஒப்பந்தக் காலம் முழுக்க மாறாது. ஆண்டு இன்கிரிமென்ட் கிடையாது, அகவிலைப்படி (டிஏ) கிடையாது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2024 ஏப்ரல் 30 அன்று ஓய்வு, சம்பள நிலை லெவல் 8, கடைசி அடிப்படைச் சம்பளம் ரூ.78,800. பென்ஷன் அதில் பாதி, ரூ.39,400. அவர் 40 சதவீதம் கம்யூட் செய்தார், அதாவது அந்தப் பங்கை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகையாக முன்பே வாங்கிக்கொண்டார். மாதம் ரூ.15,760 போய்விட்டது. கையில் வரும் பென்ஷன் ரூ.23,640.

இப்போது ஊதியம் எவ்வளவு? பாஸ்புக்கைப் பார்ப்பவர் 78,800லிருந்து 23,640ஐக் கழித்து ரூ.55,160 என்று எழுதுவார். தப்பு. கழிக்க வேண்டியது கம்யூடேஷனுக்கு முந்தைய முழு பென்ஷன். ஓ.எம். இதை வெளிப்படையாகவே சொல்கிறது: கம்யூட் செய்த பங்கும் கழிக்கிற தொகையில் சேரும். ஆக ஊதியம் ரூ.39,400. வித்தியாசம் ரூ.15,760, மாதாமாதம். சில சமயம் ஆபீசே முதல் சில மாதம் தவறான தொகையைக் கொடுத்துவிட்டு, சம்பளக் கணக்கு அலுவலகமான பி.ஏ.ஓ. ஆட்சேபம் எழுப்பியதும் மொத்தமாகப் பிடிக்கும். முதல் பில் போடும்போதே பிபிஓ (பென்ஷன் வழங்கும் ஆணை) நகலில் அடிப்படை பென்ஷன் வரியையும் கம்யூடேஷன் வரியையும் அடிக்கோடிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இதோடு போக்குவரத்துப்படி உண்டு. வீட்டிலிருந்து ஆபீஸ் போய்வர ஒரு நிலையான தொகை, ஓய்வின்போது உங்களுக்கு இருந்த விகிதத்தைத் தாண்டாமல். டெல்லியில் லெவல் 3 முதல் 8 வரை ரூ.3,600, அதன்மேல் டிஏ. 2024 ஏப்ரலில் டிஏ 50 சதவீதம், ஆக நம்மவருக்கு ரூ.5,400 வரை. லெவல் 9க்கும் அதற்கு மேலும் ரூ.7,200 அடிப்படை. பிறகு டிஏ ஏறினாலும் இந்தத் தொகை ஏறாது. வீட்டு வாடகைப்படி கிடையாது. வெளியூர் டூர் போனால் பழைய பதவிக்குரிய பயணப்படியும் தினப்படியும் கிடைக்கும்.

கூட்டிப் பார்ப்போம். 50 சதவீத விகிதத்தில்: பென்ஷன் 23,640, டிஆர் 19,700, ஊதியம் 39,400, போக்குவரத்து 5,400. மொத்தம் ரூ.88,140. டிஆர் 23,640க்கு அல்ல, 39,400க்குக் கணக்கிடப்படும். கம்யூட் செய்ததால் டிஆர் குறைவதில்லை. இது தெரியாமல் வங்கிக் கணக்கைச் சரிபார்த்துக் குழம்புபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அதே மனிதர் அதே சம்பள நிலையில் மறுநியமனம் பெற்றிருந்தால்? சம்பளம் ரூ.78,800ல் நிர்ணயமாகும். 55 வயதுக்குப்பின் ஓய்வு பெற்றதால் பென்ஷனில் எந்தப் பங்கையும் கழிக்காமல் விட மாட்டார்கள், முழு 39,400ம் சம்பளத்திலிருந்து கழியும். ஆனால் படிகளை, பென்ஷனைக் கழிப்பதற்கு முந்தைய சம்பளத்தின்மேல், அதாவது 78,800க்கே கணக்கிடுவார்கள். டிஏ மட்டும் ரூ.39,400. எதிர்ப்பக்கம், பென்ஷன்மேல் வந்த டிஆர் 19,700 நின்றுவிடும். வீட்டு வாடகைப்படியும் போக்குவரத்துப்படியும் சேர்க்காமல் பார்த்தால் மறுநியமனத்தில் ரூ.1,02,440, ஒப்பந்தத்தில் ரூ.82,740. டிஆர் போனாலும் மறுநியமனம் லாபம்தான். "டிஆர் நின்றுவிடும், வேண்டாம்" என்று மறுநியமனத்தை மறுக்கிறவர்கள் ஒரு கை மட்டும் எண்ணுகிறார்கள்.

முன்னாள் ராணுவத்தினருக்கு ஒரு வார்த்தை. 55 வயதுக்குள் ஓய்வு பெற்று, கமிஷன்ட் அதிகாரி தரத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு முழு பென்ஷனும் கணக்கில் எடுக்கப்படாது. குரூப் ஏக்குக் கீழே இருந்து 55க்குள் போன சிவில் ஊழியருக்கும் அப்படியே. இவர்களின் சம்பளம் புதிய பதவியின் குறைந்தபட்சத்தில் தொடங்கும், பென்ஷன்மேல் டிஆரும் தொடரும். 55க்குள் ஓய்வு பெற்ற கமிஷன்ட் அதிகாரிகளுக்கும் குரூப் ஏ சிவில் அதிகாரிகளுக்கும் பென்ஷனில் முதல் ரூ.15,000 மட்டும் கணக்கில் எடுக்கப்படாது, மீதி கழிக்கப்படும். சம்பளமும் மொத்த பென்ஷனும் சேர்ந்து ரூ.2,25,000ஐத் தாண்டக் கூடாது.

குடும்ப பென்ஷன் வாங்குகிறவர் வேலை பார்த்தால் என்ன ஆகும்? கணவர் இறந்து குடும்ப பென்ஷன் பெறும் அம்மா ஒருவர் அரசுப் பணியில் இருந்தாலும், அந்த பென்ஷன்மேல் டிஆர் தொடரும். 1997 ஜூலை 18 முதல் இப்படித்தான்.

காகிதங்கள்: ஓய்வுக்கு முன்பே எடுத்து வையுங்கள்

ஓய்வு நாளன்று மாலை மாலையும் சால்வையுமாக வீடு திரும்புகிறவர், ஆறு மாதம் கழித்து அதே ஆபீசில் ஒரு நகல் வாங்க தபால் வாங்கி அனுப்பும் ஆர் அண்ட் ஐ கவுன்டரில் நிற்பார். ரிசப்ஷனில் பாஸ் போட உள்ளே இருந்து ஒருவர் போன் செய்தாக வேண்டும். அதனால் இவற்றைச் சர்வீசில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்:

பிபிஓவின் எல்லாப் பக்கங்களும். முதல் பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வருபவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள், ஏனென்றால் கம்யூடேஷன் விவரம் உள்பக்கத்தில் இருக்கும். கடைசிச் சம்பளச் சான்று, அதாவது எல்பிசி. ஓய்வு ஆணை. கடைசி 5 வருட ஏ.பி.ஏ.ஆர். (ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கை) நகல்கள். ஆதார், பான், புகைப்படம். பழைய பதவியில் பார்த்த வேலையை ஒரு பக்கத்தில் எழுதிய குறிப்பு. அந்தக் குறிப்பில் "நிர்வாகம் பார்த்தேன்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. பார்லிமென்ட் கேள்விகள், கோர்ட் வழக்குகள், ரோஸ்டர், பட்ஜெட், ஆர்.டி.ஐ. என்று பிரித்து எழுதுங்கள். டெல்லி ஆபீஸ்களில் கன்சல்டன்ட் தேடுவதே இந்த மாதிரி வேலைகளுக்குத்தான்.

விளம்பரங்கள் அமைச்சகங்களின் இணையதளங்களில் "வேகன்சி" அல்லது "சர்குலர்" பகுதியில் வரும், எம்ப்ளாய்மென்ட் நியூஸ் வார இதழிலும் சில வரும். கடைசித் தேதிக்கு எத்தனை நாள் என்பதை முதலில் பாருங்கள், அவகாசம் பல சமயம் மிகக் குறைவு. தகுதியில் "லெவல் 8 அல்லது அதற்கு மேல் ஓய்வு பெற்றவர்" என்று இருந்தால், பதவி உயர்வு இல்லாமலே சம்பள நிலை ஏறும் எம்.ஏ.சி.பி. மூலம் அந்த லெவலுக்கு வந்தவரைச் சேர்ப்பார்களா, பதவியை மட்டும்தான் பார்ப்பார்களா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

தேர்வானபின் வருவது விஜிலென்ஸ் கிளியரன்ஸ், அதாவது உங்கள்மேல் விஜிலென்ஸ் புகார் எதுவும் நிலுவையில் இல்லை என்ற சான்று. மத்திய விஜிலென்ஸ் ஆணையம் 2022ல் இதைக் கட்டாயமாக்கியது. நீங்கள் பல இடங்களில் வேலை பார்த்திருந்தால், ஓய்வுக்கு முந்தைய 10 வருடத்தில் இருந்த எல்லா அமைப்புகளிடமிருந்தும் கிளியரன்ஸ் வர வேண்டும். டெபுடேஷனில் சுற்றியவர்களுக்கு இது இழுக்கும். கேட்டு எழுதுவது புதிய ஆபீசின் வேலை. ஆனால் எந்தெந்த வருடம் எங்கே இருந்தீர்கள், அங்கே விஜிலென்ஸ் பிரிவின் முகவரி என்ன என்ற பட்டியலை நீங்களே டைப் செய்து கொடுத்தால் ஒரு மாதம் மிச்சம்.

டெல்லி அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வேறு பாதை. 2007ல் டெல்லி அரசு கொண்டுவந்த ஏற்பாட்டின்படி பி.ஜி.டி. (முதுநிலை ஆசிரியர்) நிலை வரையுள்ள ஆசிரியர்களை உடல்தகுதி, விஜிலென்ஸ் பார்த்து 62 வயது வரை மறுநியமனம் செய்தார்கள். பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் நீட்டித்தார்கள். அங்கே பணிபுரிந்த தமிழாசிரியர்கள் தங்கள் ஓய்வு ஆண்டில் நடப்பில் இருக்கும் ஆணையைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நியமனக் கடிதத்தில் எந்த வரிகளைத் தேட வேண்டும்

கையெழுத்துப் போடும் முன் ஒரு பென்சிலோடு உட்காருங்கள். தேட வேண்டிய முதல் வரி, ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஒப்பந்தக் காலத்தில் இவர் தொடர்ந்து பென்ஷனும் டிஆரும் பெறுவார்; இந்த நியமனம் மறுநியமனமாகக் கருதப்படாது." இது இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு வரிதான் நவம்பரில் உங்களுக்குக் கவசம்.

அடுத்தது காலம். முதல் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. வேலை முடியாவிட்டாலோ, நிரந்தர ஆள் வராவிட்டாலோ ஓய்வு வயதுக்குப்பின் 2 வருடம் வரை நீட்டலாம். எது எப்படியானாலும் ஓய்வு பெற்ற நாளிலிருந்து 5 வருடத்தைத் தாண்டக் கூடாது. 60ல் போனவருக்கு 65 கடைசி எல்லை. 63 வயதில் முதல்முறை சேர்கிறவருக்குப் புதிதாக 5 வருடம் ஓடாது. கடிகாரம் ஓய்வு நாளிலேயே ஓடத் தொடங்கிவிட்டது.

நோட்டீஸ் காலம் எத்தனை நாள், கையெழுத்து அதிகாரம் உண்டா என்பதையும் பாருங்கள். பொதுவாகக் கன்சல்டன்ட் கோப்பில் குறிப்பெழுதலாம், செலவுக்கு அனுமதி தரவோ சட்டப்படியான ஆணை வெளியிடவோ கூடாது. நேற்றுவரை உங்களிடம் டிராஃப்டைத் திருத்தி வாங்கிய உதவியாளர் இன்று உங்கள் குறிப்பில் கையெழுத்திடுவார். சிலருக்கு இது உறுத்தும். பணத்தைவிட இதுதான் பாதியில் விட்டுப்போகக் காரணமாகிறது.

லீவு, மாதத்துக்கு ஒன்றரை நாள், அதுவும் முடிந்த மாதத்துக்கு. வருடத்துக்கு 18. கேலண்டர் வருடம் முடிந்தால் மீதி காலி, அடுத்த வருடத்துக்கு வராது. ஊருக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. டிசம்பர் 31 அன்று மிச்சமிருந்த லீவு போய்விடும். ஜனவரி முடியாமல் புதிய லீவு சேராது. ஆக பொங்கலன்று கணக்கில் பூஜ்யம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ரிசர்வேஷன் செய்யும் முன், பொங்கலுக்கு ஊதியமில்லா லீவா, இல்லை சம்மதித்து அனுப்புவார்களா என்று பிரிவு அதிகாரியிடம் பேசி முடியுங்கள்.

வாடகைக்கு இருக்கிறவர்களுக்குக் கவலையில்லை. அரசுக் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் கவனிக்க: ஓய்வுக்குப்பின் 6 மாதம் சாதாரண லைசென்ஸ் கட்டணத்தில் வைத்துக்கொள்ளலாம். கன்சல்டன்டாகச் சேர்ந்ததால் அந்த 6 மாதம் நீளாது. ஆபீசுக்குப் பக்கத்திலேயே இருக்கிறோமே என்று சரோஜினி நகர் வீட்டைக் காலி செய்யாமல் இருந்தால், சேத வாடகை உங்கள் மாத ஊதியத்தையே விழுங்கும்.

மருத்துவம், பென்ஷனர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு மருத்துவத் திட்டம்) கார்டில்தான். புது ஆபீஸ் கார்டு தராது. வெல்னஸ் சென்டர் காலை ஏழரைக்குத் திறந்து மதியம் இரண்டுக்கு மூடும். மாதாமாதம் சுகர் மாத்திரை வாங்குகிறவர் திறந்ததும் முதல் டோக்கன் எடுத்தால்தான் பயோமெட்ரிக்கில் லேட் விழாமல் ஆபீஸ் சேர முடியும்.

நவம்பர் மாதமும் வங்கியும்

வேலையில் சேர்ந்த வாரமே பென்ஷன் வரும் வங்கிக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: பிபிஓ எண், சேர்ந்த தேதி, நியமனத்தின் தன்மை, கூடவே ஆணையின் நகல். நகலில் கிளையின் ரசீது முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள். பென்ஷன் கணக்கைக் கிளை போடுவதில்லை, வங்கியின் மைய பென்ஷன் பிரிவு போடுகிறது. கிளையில் சொன்னது அங்கே போய்ச் சேர்ந்ததா என்று ஒரு மாதம் கழித்து விசாரியுங்கள். பிபிஓவிலேயே திருத்தம் வேண்டுமானால் விஷயம் பழைய ஆபீஸ், பி.ஏ.ஓ., பிகாஜி காமா பிளேஸில் உள்ள மத்திய பென்ஷன் கணக்கு அலுவலகமான சி.பி.ஏ.ஓ. என்ற வரிசையில் போய்த்தான் வங்கிக்கு வரும். நேரே சி.பி.ஏ.ஓ. கவுன்டருக்குப் போய் நிற்பதால் வேகம் கூடாது.

வருடாவருடம் நவம்பரில் உயிர்ச் சான்று தர வேண்டும். 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கும். காகிதப் படிவத்தில் உயிர்ச் சான்றுக்குக் கீழே இன்னொரு சான்று இருக்கும், பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிற இடம் அது. அரசு அலுவலகம், பொதுத்துறை நிறுவனம், உள்ளாட்சி நிதி எதிலும் "எந்த வகையிலும்" பணியாற்றி ஊதியம் பெறவில்லை என்று அது சொல்லும். "எந்த வகையிலும்" என்ற சொல்லில் கன்சல்டன்டும் அடங்கிவிடும். அதனால் அதை அடித்துவிட்டு, பணியில் இருக்கிறேன் என்ற மாற்று வாசகத்தை நிரப்பி, ஒப்பந்த ஆணையின் நகலை இணைத்து, "இது மறுநியமனம் அல்ல" என்ற வரிக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டுக் கொடுங்கள்.

கைபேசியில் ஜீவன் பிரமாண் (இணையவழி உயிர்ச் சான்று) செய்கிறவர்களுக்கு "மறுநியமனம் பெற்றிருக்கிறீர்களா" என்ற கேள்வி வரும். ஆணையில் அந்த வரி இருந்தால் "இல்லை" என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது, வங்கிக்குக் கொடுத்த கடிதமும் துணைநிற்கும். வரி இல்லாமல், கடிதமும் கொடுக்காமல் "இல்லை" என்று அழுத்துவதுதான் ஆபத்து. அவசரத்தில் "ஆம்" என்று அழுத்திவிட்டால் டிஆர் நின்றுபோகும், திரும்பக் கொண்டுவர மாதக்கணக்கில் அலைய வேண்டும். பேரன் பேத்திகளிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்க்காதீர்கள்.

நிஜமாகவே மறுநியமனம் பெற்றவர் மறைத்தால் வேறு கதை. டிஆர் தவறாகப் போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் கண்டுபிடித்ததும் மொத்தத்தையும் பென்ஷனிலிருந்து பிடிப்பார்கள். மேலே சொன்ன உதாரணத்தில் அது மாதம் ரூ.19,700. ஒரு வருடத்துக்கு ரூ.2,36,400.

வருமான வரி

முதல் பில்லிலேயே, சம்பள பில் போடும் அதிகாரியான டிடிஓவிடம் கேளுங்கள்: வரி பிடிப்பது சம்பளம் என்றா, தொழில்முறைக் கட்டணம் என்றா? ஆபீசுக்கு ஆபீஸ் மாறுகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் வருடத்திய புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வருவதால் பிரிவு எண்ணையோ படிவ எண்ணையோ பிடித்துக்கொண்டு பேச வேண்டாம், தன்மையைப் பேசுங்கள்.

கட்டணம் என்றால் 10 சதவீதம் பிடிப்பார்கள். வருமானம் தொழில் தலைப்பில் வரும், பென்ஷன்காரர்கள் வழக்கமாகப் போடும் எளிய ரிட்டர்ன் படிவம் பொருந்தாது. இன்னொரு விளைவை யாரும் சொல்வதில்லை. 60 தாண்டியவருக்குத் தொழில், வியாபார வருமானம் இல்லாவிட்டால் முன்கூட்டிய வரி கட்டத் தேவையில்லை. தொழில் வருமானம் வந்ததும் இந்தச் சலுகை போய்விடும். பிடித்தம் போக ரூ.10,000 அல்லது அதற்கு மேல் வரி பாக்கி நின்றால் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று தவணையில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வட்டி.

சம்பளம் என்று பிடித்தால் வேறொரு சிக்கல். பென்ஷனும் சம்பளத் தலைப்புதான். வங்கி தன் பங்குக்கு நிலையான கழிவைக் கொடுத்திருக்கும், ஆபீசும் தன் பங்குக்குக் கொடுத்திருக்கும். இரண்டு இடத்திலும் வரியில்லா முதல் அடுக்கையும் தனித்தனியாகக் கணக்கிட்டிருப்பார்கள். உங்களுக்கு உரியது ஒரே கழிவு, புதிய முறையில் ரூ.75,000. ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பெரிய பாக்கி தெரியும். ஏப்ரலிலேயே பென்ஷன் விவரத்தை டிடிஓவுக்கு எழுதிக் கொடுத்து, மொத்த வருமானத்துக்கும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லிவிட்டால் இந்த அதிர்ச்சி வராது.

இந்த வேலைக்காகத் தனி பென்ஷனோ கிராஜுவிடியோ கிடைக்காது. ஓய்வு பென்ஷன் பெற்றபின் மறுநியமனத்தில் இருந்த காலத்துக்கும் அப்படித்தான்.

முடிக்கும்போது

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே நீட்டிப்புக் கோப்பு நகர்கிறதா என்று பாருங்கள். நிதிப் பிரிவு ஒப்புதல் வரும் முன் தேதி முடிந்துவிட்டால், இடைப்பட்ட நாள்களில் நீங்கள் வந்து உட்கார்ந்து வேலை பார்த்தாலும் ஊதியம் கிடைப்பது சந்தேகம். "வாங்க சார், ஆர்டர் வந்துடும்" என்ற வாய்மொழியை நம்பி ஒருநாள்கூடப் போக வேண்டாம். ஆணை கைக்கு வரும்வரை வீட்டில் இருங்கள்.

கடைசி நாளில் வாங்க வேண்டியவை: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ன வேலை பார்த்தீர்கள் என்ற சான்று, கடைசி மாத வருகைப் பதிவின் நகல், அடையாள அட்டையையும் பாஸையும் லேப்டாப்பையும் திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்து. அந்த வாரமே வங்கிக்கு இரண்டாவது கடிதம்: இன்ன தேதியோடு பணி முடிந்தது. மறுநியமனத்தில் இருந்தவருக்கு இந்தக் கடிதம் போனால்தான் நின்ற டிஆர் மறுபடி தொடங்கும். ஒப்பந்தத்தில் இருந்தவர் அடுத்த நவம்பர் படிவத்தில் பழையபடி, பணியில் இல்லை என்ற வாசகத்தில் கையெழுத்திடலாம்.